யட்டியாந்தோட்டையில் கூடுதலாக மின்னிய நட்சத்திரம்

அவிசாவளையில் ஏறிய பேருந்தில், பைனாகுலரை நிறுத்தும் என் முக்காலியைத் துப்பாக்கி என்று முடிவு செய்துவிட்டார்கள். நீளமான கறுப்பு உறை, தோளில் மாட்ட ஒரு பட்டை, போதாக்குறைக்கு அதை நான் யாரையும் தொட விடவில்லை. பின் இருக்கையில் இரண்டு சிங்களப் பெண்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். என் பக்கத்தில் இருந்த தெஹியோவிட்டக்காரர் அதை எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"அந்தம்மா சொல்றாங்க, நீங்க காட்டுப்பன்னி சுட வந்தவங்களாம். இந்தம்மா சொல்றாங்க, சீலை கட்டிக்கிட்டு யாராச்சும் பன்னி சுடுவாங்களா, அது கோயிலுக்குக் கொண்டு போற வேலாம்."

நட்சத்திரம் பார்க்கிற சாமான் என்றேன். அதை அவர் சிங்களத்தில் சொன்னார். பிறகு முதல் பெண் கேட்டதை மொழிபெயர்த்தார்: "அப்ப கல்யாணப் பொருத்தம் பாப்பீங்களாங்க?"

ஓட்டுநர் இன்னொரு தனியார் பேருந்தோடு பந்தயத்தில் இருந்ததால் நான் இறங்க வேண்டிய இடத்தைக் கவனிக்கவில்லை. நடத்துநர் கம்பியைத் தட்டோ தட்டென்று தட்டி, இரண்டு வளைவு தாண்டித்தான் வண்டி நின்றது. எங்கள் ஊர் மினிபஸ்காரர்கள்தான் உலகத்திலேயே மோசம் என்று நினைத்திருந்தேன். இவர்களுக்குப் பக்கத்தில் அவர்கள் குழந்தைகள். முதலில் முக்காலி இறங்கியது, பின்னால் நான்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் கோவில்பட்டிக்காரி. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் நிறம் சரிபார்ப்பது என் வேலை. காலண்டர் படத்தில் அம்மன் பட்டுப்புடவை ஒரு பொட்டு வெளுத்தாலும் கண்டுபிடித்துச் சண்டைக்குப் போவேன். பொழுதுபோக்குக்கு எங்கள் பக்கத்தில் நாங்கள் கொஞ்சப் பேர் மொட்டைமாடியில் நட்சத்திரம் பார்க்கிறோம். ஒரு தையல்காரர், ஒரு வங்கிக் காசாளர், கடலைமிட்டாய்க் கடைக்காரர் ஒருவர், இப்படி. ஒரு நட்சத்திரத்தின் தூரத்தையாவது புத்தகத்தைப் பார்த்து எழுதாமல் சொந்தக் கண்ணால் அளந்துவிட வேண்டும் என்பது எங்கள் வைராக்கியம்.

அதற்கு நாங்கள் பிடித்த நட்சத்திரம் தென்வானத்தில் அகத்திய நட்சத்திரத்துக்குக் கிழக்கே இருக்கிறது. அதற்கு ஒரு முறையான பெயர் உண்டு. எங்கள் கூட்டத்தில் அவள் பெயர் 'பக்கத்துவீட்டுக்காரி'. அவள் ஒரு மாதத்துக்குச் சற்று மேலான சுற்றில் ஊதிப் பெருத்துச் சுருங்குகிறாள். ஊதும்போதும் சுருங்கும்போதும் வெளிச்சம் ஏறி இறங்கும். இந்த வகை நட்சத்திரங்களில் சுற்று எவ்வளவு நீளமோ விளக்கு அவ்வளவு பெரியது. விளக்கின் உண்மை அளவு தெரிந்துவிட்டால், நம் கண்ணுக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதிலிருந்து தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். இருட்டுச் சாலையில் எதிரே வரும் ஆட்டோ பக்கத்தில் இருக்கிறதா, தொலைவில் இருக்கிறதா என்று முகப்பு விளக்கை வைத்தே சொல்லிவிடுகிறோமே, அவ்வளவுதான்.

வெளிச்சத்தை அளக்கும் விதமும் எளிது. அவளைவிடப் பிரகாசமான ஒரு நட்சத்திரம், அவளைவிட மங்கலான ஒன்று, இரண்டையும் ஒப்புக்கு வைத்துக்கொள்ள வேண்டும். இவள் அந்த இரண்டுக்கும் நடுவே எந்தப் படியில் நிற்கிறாள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழக் கூடாது, அது மட்டும் கண்டிப்பு.

எங்கள் மாடிகளில் அவள் தெருவிளக்குக்கு மேலே ஒரு சாண் உயரத்தில்தான் வருவாள். கோடைப் புழுதியில் பல நாள் தெரியவே மாட்டாள். அந்த ஓட்டையை அடைக்கத்தான் யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் எஸ்டேட் ஒன்றில் இருந்த குழுவைச் சேர்த்துக்கொண்டு, எங்களுடைய நல்ல பைனாகுலரையும் அனுப்பினோம். வினை அங்கேதான் ஆரம்பித்தது. சில வாரம் இவர்கள் எண்ணும் எங்கள் எண்ணும் அச்சடித்தாற்போல் ஒத்துப்போகும். சில வாரம் இவர்களுடைய பக்கத்துவீட்டுக்காரி மட்டும் திடீரென்று பளபளத்துவிடுவாள். கூட்டம் போட்டு முடிவெடுத்தோம். ஒருவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. கண் சரியில்லை என்றால் இரண்டு பருவத்து உழைப்பையும் கணக்கிலிருந்து அடித்துவிட்டு, பைனாகுலரை வாங்கி வந்துவிடுவது. நாகர்கோவிலில் ஒரு கல்லூரி அதற்காக ஏற்கெனவே வரிசையில் நின்றது.

சித்திரை வருடப்பிறப்புக்கு அச்சகம் விடுமுறை. எஸ்டேட்டிலும் அந்த வாரம் வேலை இல்லை, எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். சரியான நேரம் என்று நானே நாள் குறித்தேன்.

சாலையில் என்னை ஏற்றிக்கொள்ளச் செல்வம் திரீவீலரோடு வந்திருந்தார். ஆட்டோவைத்தான் இங்கே திரீவீல் என்கிறார்கள். அவரும் நட்சத்திரக் குழுவில் ஒருவர். மலைப்பாதையில் ஒரு கையால் ஓட்டிக்கொண்டு, மறுகையால் வானத்தில் அவள் எங்கே வருவாள் என்று காட்டினார். பகல் மூன்று மணிக்கு! எனக்கு உயிரே போய்விட்டது.

குழுவின் தலைவி புவனேஸ்வரி. இதே எஸ்டேட்டில் லயம் என்கிற தொழிலாளர் வரிசைவீட்டில் பிறந்து, படித்து, இப்போது எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் கற்பிக்கிறவர். நான் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"அக்கா, நீங்க பைனாகுலரைக் கொண்டு போக வந்திருக்கீங்கன்னு எங்களுக்குத் தெரியுங்க. மனசுல வச்சிக்கிட்டுச் சிரிக்க எனக்கு வராது. நாங்க கஷ்டப்பட்டுத்தான் பாத்தோம். தப்பா இருந்தா எந்த இடத்துல தப்புன்னு காட்டிட்டுக் கொண்டு போங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நல்லவேளையாக ரொட்டி வந்தது. தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய ரொட்டி, மிளகாயும் வெங்காயமும் மாசிக் கருவாடும் இடித்த சம்பல். முதல் வாய்க்கே கண்ணில் நீர் கொட்டியது. தொட்டுக்கொள்ளச் சீனி வேண்டுமா என்று ராசாத்தி கேட்டார். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற பெண். குழுவில் மிகக் கறாரான கண் அவருடையதுதான் என்று புவனா சொன்னார். காரத்துக்குப் பேர்போன ஊரிலிருந்து வந்தவள், சீனி கேட்பேனா? கேட்டேன்.

பள்ளிக்கூட மைதானம்தான் அவர்களுடைய வானம் பார்க்கும் இடம். சுற்றிலும் ரப்பர் மரங்கள் உயரமாக நிற்கின்றன. தெற்கே ஓரிடத்தில் மட்டும் மரங்கள் இல்லாமல் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் நீளமான தகரக்கூரைக் கட்டடம் ஒன்றின் மேல்பகுதி தெரிந்தது. பருவம் முழுக்க, அவள் அந்த இடைவெளிக்குள் வரும் நேரம் பார்த்துத்தான் எண் எடுப்பார்களாம். வேறு வழியும் இல்லை.

இருட்டியதும் பார்த்தோம். நானும் பார்த்தேன். ஆளுக்கு ஒரு மூலைக்குப் போய் எண்ணை எழுதிக்கொண்டு வந்து சேர்த்தோம். என் எண்ணும் அவர்கள் எண்ணும் ஒரே படி. கோவில்பட்டிக்கு அலைபேசியில் கேட்டேன். தையல்காரரும் அதே படிதான் சொன்னார். மறுநாளும் அப்படியே.

"பாத்தீங்களா அக்கா?" என்று ராசாத்தி கேட்டார்.

பார்த்தேன். சந்தோஷப்பட வேண்டியவள் எரிச்சல்தான் பட்டேன். கண் சரியாக இருக்கிறது, பைனாகுலர் சரியாக இருக்கிறது. அப்படியானால் அந்தத் தப்பான வாரங்கள் எங்கிருந்து வந்தன? காரணம் தெரியாமல் எந்த எண்ணை நம்புவது, எதை அடிப்பது? ஊரில் என்னை வறுத்துவிடுவார்கள்.

புவனா, செல்வம், ராசாத்தி, எஸ்டேட் பிள்ளைகள் இருவர் என்று மைதானத்தில் கூடுகிற ஐந்து பேரைத் தவிரக் குழுவில் இன்னொருவரும் உண்டு. போஸ்ட் மாஸ்டர் சிவபாதம். வடமராட்சிக்காரர், பல வருடமாக இங்கே உத்தியோகம். மேலே ரோட்டோரம் தபால் கந்தோரோடு ஒட்டிய குவாட்டர்ஸில் இருக்கிறார். முழங்கால் வலி, அதனால் கீழே இறங்க மாட்டார். சொந்த பைனாகுலரில் தன் வாசலிலிருந்தே பார்த்து, எண்ணைப் போனில் சொல்வார். அடிக்கடி எல்லோரும் ஒன்று சொன்னால் அவர் ஒன்று சொல்வாராம். தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிற எண்ணை விட்டுவிட வேண்டும் என்பது நாங்கள் எழுதி அனுப்பிய விதி. அதனால் புவனா அவருடைய எண்ணை விட்டுவிடுவார். மனிதர் கொதித்துப்போய் இரண்டு முறை கண்ணாடி மாற்றியிருக்கிறார்.

வருடப்பிறப்பன்று நட்சத்திரத்தை மறந்து தின்றேன். காலையில் பொங்கல், வடை. பத்து மணிக்கு அடுத்த வீட்டுச் சிங்கள அம்மா தட்டு நிறையப் பாற்சோறும் எண்ணெய்ப் பலகாரமும் கொண்டுவந்தார். கித்துள் என்கிற கூந்தல்பனையின் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேநீர் குடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் உடன்குடிக் கருப்பட்டியை விட்டுக்கொடுத்துப் பேசக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு இன்னும் இரண்டு துண்டு எடுத்தேன். பட்டாசு வெடித்தது. ஒருவேளை தப்புக்குக் காரணம் பட்டாசுப் புகையாக இருக்குமோ என்று ஒரு யோசனை ஓடியது. வருடம் முழுக்கவா பட்டாசு வெடிப்பார்கள் என்று செல்வம் கேட்டதும் அது புஸ்ஸென்று போய்விட்டது. அன்று மாலை இடியோடு மழை கொட்டி வானத்தைக் கழுவிவிட்டுப் போனது.

இங்கே வருடப்பிறப்புக்குப் பிறகு வேலையை நினைத்த நேரத்தில் தொடங்குவதில்லை. அதற்கும் ஒரு நல்ல நேரம் உண்டு. நெகத் என்று சிங்களத்தில் சொல்வதைத் தமிழர்களும் அப்படியே சொல்கிறார்கள். விடுமுறை முடிந்த காலை அந்த நேரம் பார்த்து ராசாத்தி முதல் மரத்துக்கு விளக்குக் காட்டிப் பால் வெட்டினார். வெள்ளைப் பால் கோடாக இறங்கிச் சிரட்டையில் சொட்டியது. பள்ளிக்கூடத்துக்குத் தெற்கே தகரக்கூரைக் கட்டடத்திலும் தேங்காய் உடைத்தார்கள். அடுத்த நாள் மத்தியானம் நானும் அதை வேடிக்கை பார்க்கப் போனேன். பாலை உறைய வைத்து, கால்மிதித் துணி மாதிரித் தகடாக உருட்டி, அந்தக் கட்டடத்துக்குள் தொங்கவிடுகிறார்கள். கீழே விறகுத் தீ. ஸ்மோக் ஹவுஸ் என்று பெயர். மூன்று தும்மல் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தேன். எனக்குச் சாம்பிராணியே ஆகாது.

அன்று இருட்டியதும் மைதானத்தில் கூடினோம். தும்மிக்கொண்டேதான் முக்காலியை நட்டேன். பைனாகுலரில் பார்த்தேன். பக்கத்துவீட்டுக்காரி ஏறிவிட்டாள்! நேற்று வரை படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தவள், இன்று பிரகாசமான ஒப்பு நட்சத்திரத்துக்குத் தோளோடு தோள் நிற்கிறாள். அம்மன் புடவையில் ஒரு பொட்டு வெளுப்பைப் பிடிக்கிற என் கண், சத்தியம் செய்து சொல்லும் அளவுக்குத் தெளிவாகப் பார்த்தது. எல்லோர் எண்ணும் ஒன்றுதான். கோவில்பட்டிக்குப் போன் அடித்தேன். தையல்காரர் சிரித்தார். "இறங்கிட்டுல்லா இருக்கா? என்ன, உங்களுக்கும் எஸ்டேட் கண்ணு வந்துட்டா?"

அந்த நேரம் போஸ்ட் மாஸ்டரின் போன் வந்தது. அவர் எண்ணும் தையல்காரர் எண்ணும் ஒன்று.

"ஐயா, திரும்பப் பாருங்க. நாங்க அஞ்சு பேரு ஒண்ணாத்தான் சொல்றோம்," என்றார் புவனா.

"அஞ்சு பேர் இல்லைப் பிள்ளை, அம்பது பேர் சொன்னாலும் நான் கண்டதைத்தான் சொல்லுவன்! அந்த இந்தியா அம்மாவைக் கொஞ்சம் மேல வரச் சொல்லும். நான் என்ன குருடனே?"

எனக்கும் கோபம். செல்வத்தைக் கிளப்பிக்கொண்டு திரீவீலில் மேலே போனேன், புவனாவும் ஏறிக்கொண்டார். போஸ்ட் மாஸ்டர் சாரத்தோடு வாசலில் நின்று தன் பைனாகுலரை நீட்டினார். கண்ணில் வைத்தேன். அவள் மங்கித்தான் இருந்தாள். எங்கள் பைனாகுலரிலும் பார்த்தேன், அப்போதும் மங்கல். அதைப் புவனாவிடம் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

கீழே இறங்கினோம், பளபளத்தாள். மறுபடி மேலே ஏறினோம், மங்கினாள். ஒளியே வந்து சேர ஆயிரம் வருடத்துக்கு மேல் பிடிக்கிற தூரத்தில் இருக்கிறவள், நாங்கள் திரீவீலில் இரண்டு வளைவு போய் வந்ததற்கெல்லாமா குணம் மாறுவாள்? செல்வம் பெட்ரோலைப் பற்றி முனகத் தொடங்கினார்.

மூன்றாம் முறை கீழே இறங்கி நிற்கும்போதுதான் மறுபடி தும்மினேன். அடுக்கடுக்காக. ராசாத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "தடிமன் புடிச்சிருச்சுங்களா அக்கா? மேல போனப்ப நல்லாத்தானே இருந்தீங்களாம்," என்றார்.

மேலே நான் ஒருதரம்கூடத் தும்மவில்லை.

"இங்க புகை நாறுதே, உங்களுக்குத் தெரியலையா?" என்றேன்.

ஐந்து பேரும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து அந்தப் புகைக்குள்ளேயே வளர்ந்தவர்கள். அது அவர்களுக்கு வெறும் காற்று.

முதலில் புரிந்தது புவனாவுக்குத்தான். "செல்வண்ணே, வண்டிய அந்த மேட்டுல ஏத்தி லைட்ட அந்தப் பக்கம் போடுங்க!" என்று கத்தினார். செல்வம் திரீவீலை முன்சக்கரம் தூக்க மேட்டில் ஏற்றி, விளக்கை ஸ்மோக் ஹவுஸ் கூரைக்கு மேலே அடித்தார். வெளிச்சம் போன வழியில் புகை தெரிந்தது. கூரையிலிருந்து மெல்லிய திரையாக எழும்பி, மலையிலிருந்து இறங்குகிற காற்றுக்கு இடப்பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. விளக்கை அணைத்தால் ஒன்றுமில்லாத வானம், போட்டால் புகை. அந்தத் திரைக்கு நேர் பின்னால் பிரகாசமான ஒப்பு நட்சத்திரம் நின்றது. பக்கத்துவீட்டுக்காரி வலப்பக்கம், சுத்தமான வானத்தில். அவள் ஏறவே இல்லை, ஒப்புதான் மங்கியிருந்தது! அதை அளவுகோலாகப் பிடித்த அத்தனை கண்ணும் சரியாகப் பார்த்துத் தப்பாகச் சொல்லியிருந்தது, என் கண்ணும் சேர்த்து.

பால் வெட்டு இருந்தால் தீ இருக்கும், தீ இருந்தால் தப்பு வரும். மழை வாரத்தில் வெட்டு இல்லை, தப்பும் இல்லை. வருடப்பிறப்பு விடுமுறையில் நான் வந்து உட்கார்ந்து சோதித்தேனே, அதைவிட நல்ல மறைப்பு வேறு கிடைக்காது. நாள் குறித்த என் புத்தியை மெச்சிக்கொண்டேன்.

"நாங்க போட்ட புகையாங்க?" என்று ராசாத்தி கேட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம். போனில் போஸ்ட் மாஸ்டருக்கு விஷயத்தைச் சொன்னோம். அவர் சொன்னார்: "அப்ப என்ர கண் சரி. ரெண்டு கண்ணாடிக் காசு அநியாயம்."

மறுநாள் காலை குவாட்டர்ஸ் வாசலில் கணக்குக்கு உட்கார்ந்தோம். அவர் முழங்காலுக்கு மரியாதை கொடுத்து எல்லோரும் மேலே ஏறினோம். அவருடைய விடுபட்ட எண்களை எல்லாம் திரும்பச் சேர்த்தோம். எங்கள் மாடிகளில் புழுதி விழுங்கிய நாட்களுக்கு நேராக அவை ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தன. மைதானத்து எண்களில் தீ இல்லாத நாட்களுடையவை அதன் மேலேயே படிந்தன. இரண்டு பருவத்து ஏற்ற இறக்கமும் ஓட்டை இல்லாத ஒரே வளைகோடாக வந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சம்பல் இல்லாமலே.

புவனா தூரத்தைக் கணக்கிட்டார். தப்பான எண்களையும் வைத்துப் போட்டால் அவள் எவ்வளவோ கிட்டத்தில் வந்து நின்றாள். ஒரு ஸ்மோக் ஹவுஸ் அவளை அந்த அளவுக்கு இழுத்து வந்திருந்தது. அவற்றை எடுத்துவிட்டுப் போட்டதும் ஆயிரத்து அறுநூறு ஒளியாண்டுக்குப் பக்கத்தில் வந்தது. அதன் பிறகுதான் புத்தகத்தைத் திறக்கலாம் என்பது எங்கள் சபதம். திறந்தோம். ஆயிரத்து அறுநூற்றைச் சுற்றித்தான் அதிலும் போட்டிருந்தது!

நான் கோவில்பட்டிக்குப் போன் போட்டு, சுற்றி எல்லோரும் கேட்கும்படி வைத்தேன். தையல்காரரின் வீட்டில் விசில் அடித்தார்கள். எஸ்டேட் கண் என்று கேலி பேசியவர் ஒழுங்காக மன்னிப்புக் கேட்டார். ராசாத்தி அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"இனிமே மைதானம் வேணாங்க. இங்க வாசல்லயே எல்லாரும் பாப்போம். ஆனா அக்கா..." என்று புவனா நிறுத்தினார். பைனாகுலர் அவர் மடியில் இருந்தது. உறையில் போட்டு, பட்டையைக் கட்டி, தயாராக வைத்திருந்தார்.

நான் உறையை மட்டும் வாங்கிக்கொண்டேன். பைனாகுலரை எடுத்து அவர் கழுத்தில் மாட்டினேன். நாகர்கோவில்காரர்கள் வேறு வழி பார்த்துக்கொள்ளட்டும். புவனா இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். போஸ்ட் மாஸ்டர் செருமிக்கொண்டு, தேத்தண்ணி ஊத்தட்டோ என்று உள்ளே போனார்.

வெறும் உறையை எதற்கு வீணாக்குவது என்று ராசாத்தி அதில் கித்துள் கருப்பட்டியை அடைத்துக் கொடுத்தார். மதுரை விமான நிலையத்தில் அதிகாரி திறக்கச் சொன்னார். திறந்தேன். கருப்பட்டியோடு சேர்ந்து எஸ்டேட் புகை குப்பென்று வந்தது. அவர் முகத்துக்கு நேரே தும்மிவிட்டேன்.

"இது பைனாகுலர் உறைதானேம்மா? பைனாகுலர் எங்க?" என்றார்.

"வேலைக்குப் போயிருக்கு சார்," என்றேன்.